கீழறைக்கு ஒரு பிறேக்கர்

வயர் கோர்க்காத பிறேக்கர் விழுந்தது.

அழகரத்தினம் அப்போதுதான் புதுப் பெட்டியின் மூடியை மாட்டிவிட்டு, முக்காலியிலிருந்து இறங்கி, ஆறிப்போன தேத்தண்ணியைக் கையில் எடுத்திருந்தான். முதுகுக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தான். வரிசையாக இருந்த பிறேக்கர்கள் எல்லாம் நாக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்க, கடைசியில் இருந்தது மட்டும் கீழே விழுந்து கிடந்தது. அது கீழறைக்கென்று ஒதுக்கி வைத்தது. அதற்கு மேலிருந்து கரண்ட் வருகிறது; கீழே போவதற்கு இன்னும் ஒரு சாண் வயர்கூடக் கோர்க்கவில்லை. சுமை மிஞ்சினால் விழுந்து கரண்டை அறுப்பதுதான் பிறேக்கரின் வேலை. சுமையே இல்லாத இடத்தில் அது எதைத் தாங்கமாட்டாமல் விழுந்தது?

"சாமான் பழுது" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான். வயரிங் செய்கிறவனுடைய வாய் முதலில் அதைத்தான் சொல்லும். நாக்கை மேலே தள்ளினான். நின்றது. கையை எடுத்தபோது விரல் நுனி நனைந்திருந்தது. தேத்தண்ணி பட்டிருக்கும் என்று கட்டியிருந்த சாரத்தில் துடைத்தான். துடைத்த பிறகு மூக்கில் வந்தது தேத்தண்ணியின் வாசம் இல்லை, சேற்று வாசம். மாரி காலத்தில் வாவிக் கரையில் எல்லாமே சேற்று வாசம்தானே என்று அதற்கும் ஒரு சமாதானம் சொன்னான்.

"இஞ்சருங்க, கீழ எப்ப லைற் வரும்?" அடுப்படியிலிருந்து மங்கையற்கரசி குரல் கொடுத்தாள்.

"ரெண்டு நாளில போட்டுத்தாறன்."

"எத்தினை ரெண்டு நாள் போயிற்று! ஊருக்கெல்லாம் வயரிங் செய்யிறீங்க, சொந்த வீட்டில ஒரு பல்ப் போடுறதுக்குப் பஞ்சாங்கம் பாக்கிறீங்க. நேத்தும் ஆத்துக்கு அங்கால இருந்து ஷெல் வந்து விழுந்திருக்கு. இவள் கண்ணகை இருட்டெண்டு கீழ இறங்க மாட்டாளாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் எங்க ஓடுறது?"

அவள் கேட்பதில் பிழை இல்லை. சமாதானம் என்று வந்த காலம் அந்தச் சித்திரையோடு முடிந்துபோயிருந்தது. மறுபடியும் வாவிக்கு மேலால் ஷெல் கூவிக்கொண்டு போனது. அயலில் எல்லோரும் வளவுக்குள் பங்கர் வெட்டினார்கள். மாரி வந்ததும் அதெல்லாம் குளமாகி, தவளைதான் குடியிருந்தது. இந்த வீட்டில் மட்டும் நெல் அறைக்குக் கீழே, கல்லால் கட்டி, சீமெந்து பூசிய ஓர் அறை இருந்தது. இருந்தும் ஒன்பது வருடமாக அதன் பலகை மூடியைத் திறக்க அவன் விட்டதில்லை. தண்ணீர் ஊறிச் சுவர் பழுது, விஷப்பூச்சி, கெட்ட காற்று என்று வருடத்துக்கொரு காரணம் சொல்லிவந்தான். ஷெல் வந்ததும் அவனுடைய காரணங்கள் தீர்ந்துவிட்டன.

அந்த அறையைக் கட்டுவித்தவனே அவன்தான். வீடு மங்கையற்கரசியின் வீடு. அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை கட்டிய உடுப்போடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவான். அப்படி அவன் வந்தபோது அந்த வீட்டில் அவளும் அவளுடைய தம்பி சாமித்தம்பியும் மட்டும்தான் இருந்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை அவள்தான் சோறூட்டி வளர்த்திருந்தாள். அவன் மீசை அரும்பின காலத்தில், இளம் பிள்ளைகளைப் பிடிக்கிற ஆமியின் சுற்றிவளைப்புகள் தொடங்கின. எந்த இயக்கத்துக்கும் போகாத பிள்ளை. ஆனால் அந்த நாளில் வயதே குற்றம். அவனை ஒளித்துவைக்கத்தான் கீழறை.

வாவி பக்கத்தில் என்பதால் மாரியில் மண்ணுக்குள்ளே தண்ணீர் ஊறும். அதற்காக மூலையில் ஒரு குழி வெட்டி, தண்ணீர் ஏறினால் தானாக ஓடி இறைக்கிற சின்ன மோட்டர் ஒன்றை இறக்கினான். காற்று வர சுவர் அடியில் இரண்டு குழாய். ஒரு பல்ப். அன்றைக்குக் கடைகள் பாதி பூட்டிக் கிடந்தன. கையிலிருந்த வயர் ஓர் ஓட்டத்துக்குத்தான் காணும். லைற்றையும் மோட்டரையும் ஒரே வயரில், ஒரே பியூஸில் கொழுவினான். சுவிச்சைக் கீழேயே வைத்தான். பிறகு பிரித்துப் போடலாம் என்று நினைத்தான். வேலைக்காரர் எல்லோரும் நினைக்கிற, ஒருநாளும் வராத 'பிறகு'தான் அது.

அந்த மாரியில் ஊரடங்கு. வாவி பெருகினால் கடலோடு சேருகிற மணல்மேட்டை வெட்டி ஆற்றுவாயைத் திறந்துவிட வேண்டும். அதற்கும் ஆட்கள் போகமுடியவில்லை. தண்ணீர் வயல்வெளியான வட்டைக்குள் ஏறி, விளைந்த பயிரை மூடி, வளவு வேலி வரை வந்துவிட்டது. மங்கையற்கரசி நிறைவயிற்றோடு மற்றப் பெண்களுடன் கோயிலில் தங்கியிருந்தாள். ஆமி ஊருக்குள் வருகிறது என்று கேள்விப்பட்டதும் அழகரத்தினம் மச்சானைக் கீழே இறக்கி, பலகையைப் போட்டு, பலகைக்கு மேலே நெல் மூடைகளை அடுக்கினான். இருட்டத் தொடங்குகிற மம்மல் பொழுது. படலை திறக்கும் சத்தம் கேட்டு வெளியே எட்டிப் பார்த்தபோதுதான் கண்டான்: சுவர் அடியில் காற்றுக் குழாய் இரண்டிலிருந்தும் மஞ்சள் வெளிச்சம் நனைந்த மணலில் வட்டமாக விழுந்து கிடந்தது.

மூடைகளை இழுக்க நேரம் இல்லை. ஓடிப்போய்ப் பியூஸ் கட்டையைப் பிடுங்கினான். வெளிச்சம் செத்தது. கூடவே கீழே மோட்டரின் முனகலும் நின்றது.

அது நின்றது அவனுடைய காதில் விழுந்தது. அதுதான் ஒன்பது வருடமாக அவனைத் தின்பது. தெரியாமல் செய்தவன் என்றால் அழுது தீர்த்துவிடலாம். அவன் கேட்டான், விளங்கிக்கொண்டான், இவர்கள் போனதும் திரும்பப் போடலாம் என்று நினைத்தான். அவர்கள் போகும்போது அவனையும் கொண்டுபோனார்கள். நெல் அறை வாசலைத் தாண்டும்போது காலுக்கடியில் பலகையை யாரோ தட்டினார்கள். மெதுவாக, மரியாதையாக, மச்சான் இருக்கிறீங்களா என்று கேட்பதுபோல. அழகரத்தினம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெரிதாக இருமினான். படலை மட்டும் இருமிக்கொண்டே போனான். பள்ளிக்கூட வெளியில் மழைக்குள் முட்டுக்காலில் இருத்தி, தலையாட்டி என்கிற, முகம் மூடிய காட்டிக்கொடுப்பவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்த பிறகு, மறுநாள் பொழுதுபட விட்டார்கள். அவன் வீட்டுக்கு ஓடிவந்தபோது மூடைகளின் அடி நனைந்திருந்தது.

சாமித்தம்பியின் உடலை வெளியே எடுக்கவில்லை. மோட்டர் இருந்த குழியையே அகலமாக வெட்டி, அதற்குள் வைத்து மூடி, மேலே சீமெந்து போட்டான். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு இதை எப்படிச் சொல்வது? பிள்ளை பிறந்த பிறகு சொல்லலாம். பால் குடிக்கிற பிள்ளை வளர்ந்த பிறகு சொல்லலாம். "ரெண்டு பேரையும் கொண்டு போனவங்க, என்ன மட்டும் விட்டவங்க" என்று சொன்ன பொய்க்கு நாளுக்கு நாள் வேர் இறங்கியது. அவள் தம்பியின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகாம் முகாமாக ஏறி இறங்கினாள். சில நாட்களில் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "சின்னனில அவனுக்கு இருட்டெண்டாப் பயம். வச்சிருக்கிற இடத்தில லைற்றாவது போட்டு விடுவாங்களா?" அழகரத்தினம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான்.

மறுநாள் காலையில் அந்தப் பிறேக்கரைக் கழற்றிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனான். றவூப் காக்காவின் கடையில்தான் அவன் எப்போதும் வயர் சாமான் வாங்குவது. காக்கா பிறேக்கரை ஒரு பல்ப்போடு கொழுவி, ஏற்றி இறக்கி, சுமை கூட்டியும் குறைத்தும் பார்த்தார்.

"இதில ஒரு பழுதும் இல்ல தம்பி. நல்ல சாமான்."

"வயர் இல்லாம விழுந்தது, காக்கா."

"வயர் இல்லாம எப்பிடி விழும்? உங்களுக்குக் கண் மயங்கியிருக்கும்."

அழகரத்தினம் பிறேக்கரை வாங்கிச் சட்டைப்பையில் போட்டான். பல்ப் பெட்டியின் மட்டையைக் கிழித்து அதில் தான் போட்ட திட்டத்தை நீட்டினான். லைற்றுக்கு ஒரு பிறேக்கர், மோட்டருக்கு ஒரு பிறேக்கர், இரண்டுக்கும் தனித்தனி வயர். லைற்றுக்குச் சுவிச் மேலே ஒன்று, கீழே ஒன்று. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ட்ரிப் சுவிச். காக்கா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு சின்ன அறைக்கு இவ்வளவா? மாளிகைக்கெல்லோ பிளான் போட்டிருக்கீங்க. லைற்றையும் மோட்டரையும் ஒண்டில கொழுவினாக் காணும்."

"காணாது. ஒண்ட நூத்து நிப்பாட்டினா மற்றது ஓடவேணும்."

"அதுவும் சரிதான். பிள்ளை குட்டி இருக்கிற இடம். ட்ரிப் சுவிச் போடுறது புத்தி. மனிசன்ட உடம்பால கரண்ட் பாஞ்சா, கண்மூடித் திறக்க முதல் அறுத்துப்போடும். வேற பிறேக்கர் வயரைத்தான் காப்பாத்தும், இது ஆளைக் காப்பாத்தும்." சாமான்களைத் தாளில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "உங்களைப்போலக் கவனமான வேலைக்காரன் இந்தப் பக்கத்தில இல்ல தம்பி."

அந்தப் புகழ்ச்சி வீடு வரும்வரை அவனை மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு வந்தது.

கீழே இறங்கினபோது பகல்தான். டோர்ச்சை முன்னால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கால் வைத்தான். அழுகல் வாசம், பூஞ்சை வாசம், எலி செத்த வாசம் என்று எதை எதையோ எதிர்பார்த்து மூச்சை அடக்கிக்கொண்டு போனவனுக்கு, அடக்கமுடியாமல் மூச்சை இழுத்தபோது நாசிக்குள் ஏறியது ஈரச் சீமெந்தின் வாசம். காலையில் குழைத்துப் பூசிய சீமெந்து உச்சி வெயில் படுமுன் விடுகிற அந்தக் குளிர்ந்த, நாக்கில் ஒட்டுகிற சுண்ணாம்பு வாசம். நான்கு சுவரும் காய்ந்து வெளிறிக் கிடந்தன. தரையும் காய்ந்துதான் கிடந்தது. மூலையில் மட்டும், அவன் பூசிய அந்தச் சதுரம் மட்டும், கறுப்பாக, கரண்டி இழுத்த கோடுகூட அழியாமல் ஈரமாக இருந்தது.

அவன் அந்தப் பக்கம் முதுகைக் காட்டாமல் வேலை செய்தான். சுவரில் குழாய் பொருத்தினான். வயர் இழுத்தான். எதிர் மூலையில் புதுக் குழி வெட்டி மோட்டரை இறக்கினான். நடுவில் ஹோல்டரைத் தொங்கவிட்டுப் பல்பைப் பூட்டினான். கை தன்பாட்டில் வேலை செய்தது. மனம் மட்டும் அந்தச் சதுரத்தின் பக்கத்தில் குந்தியிருந்து, மன்னிச்சுக்கொள் மச்சான், உன்னுடைய அக்காவுக்கும் மருமகளுக்கும்தான், மன்னிச்சுக்கொள் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவன் அதைச் சத்தமாகவே சொன்னான்போல. சுவரிலிருந்து தன்னுடைய குரல் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது.

மேலே வந்து ட்ரிப் சுவிச்சை ஏற்றினான். பிறேக்கர் இரண்டையும் ஏற்றினான். பலகை வாயில் வெளிச்சம் வந்தது. ஒரு மூச்சு விடுவதற்குள் 'டக்'. ட்ரிப் சுவிச் விழுந்தது.

திரும்ப ஏற்றினான். விழுந்தது.

கீழே போய் மோட்டரைக் கழற்றினான். விழுந்தது. பல்பைக் கழற்றினான். விழுந்தது. வயரின் நுனிகளை ஒன்றோடொன்று படாமல், சுவரில் படாமல், வெறும் காற்றில் விட்டுவிட்டு மேலே வந்து ஏற்றினான். நின்றது. அவன் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினான். டக்.

எந்த வயரும் எதையும் தொடவில்லை. அப்படியென்றால் எதுவோ வயரைத் தொடுகிறது. ட்ரிப் சுவிச் பொய் சொல்லாது. கரண்ட் ஓர் உடம்பால் பாய்ந்து மண்ணுக்குள் இறங்கினால்தான் அது விழும். அந்தப் பாடத்தைக் காக்கா அவனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

"அப்பா," பின்னால் கண்ணகை நின்றாள். கையில் பாதி கடித்த கொய்யாப்பழம். "கீழ ஆர் லைற்றோட விளையாடுறது?"

"ஒருத்தரும் இல்ல மகள். போய் அம்மாவோட இரு."

பிள்ளை போகவில்லை. பலகை வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தில் பயம் இல்லை. அது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுப்படிக்குப் போய், மங்கை, இப்பிடி இரு, ஒரு கதை சொல்லவேணும் என்று தொடங்கியிருந்தால் முடிந்தது. அவள் அடித்திருப்பாள், துப்பியிருப்பாள், வீட்டை விட்டுப் போ என்றிருப்பாள். வீடு அவளுடையதுதானே. பிள்ளையும் அவளும் அந்த அறைக்குள் இறங்காமல் இருந்திருப்பார்கள். அழகரத்தினம் அதற்குப் பதிலாக ஸ்குரூ டிரைவரை எடுத்து, ட்ரிப் சுவிச்சின் வாயிலிருந்த வயர்களைக் கழற்றி, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் நேரடியாக முறுக்கி, டேப் சுற்றினான். ஆளைக் காப்பாற்றுகிற சாமான் பெட்டிக்குள் சும்மா அலங்காரத்துக்கு நின்றது. தண்ணீர் ஊறுகிற அறையில், மனைவியும் பிள்ளையும் போய் இருக்கப்போகிற இடத்தில், இதைச் செய்கிறவன் வேலைக்காரன் இல்லை என்று அவனுக்குத் தெரியும். இரண்டாம் முறையும் தெரிந்துகொண்டே செய்தான்.

அதற்குப் பிறகு லைற் அசையாமல் எரிந்தது.

மங்கையற்கரசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விளக்குமாற்றோடு இறங்கிக் கூட்டினாள், தண்ணீர்க் குடம் வைத்தாள், பிஸ்கற் பெட்டி வைத்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டு போய் எங்கே விரிக்கலாம் என்று கண்ணால் அளந்து, மூலையில் அந்தச் சதுரத்துக்கு மேலே விரித்தாள்.

"அங்க வேணா!" படியில் நின்றவன் கத்திவிட்டான்.

"ஏன்?"

"அது... ஈரம்."

அவள் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "ஈரமா? காஞ்சு கிடக்கு. இவடத்ததான் நல்லாக் கிடக்கு, இஞ்சருங்க." கையை எடுக்காமல் கொஞ்சம் யோசித்தாள். "இளஞ்சூடாக் கிடக்கு. ஆரோ இருந்திட்டு எழும்பின மாதிரி." பிறகு தானே சிரித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து, மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். அழகரத்தினம் திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறி வந்தான்.

மழை இரண்டு நாளாக விடாமல் கொட்டியது. ஆற்றுவாயை இந்த முறையும் வெட்டவில்லை என்றார்கள். வாவி வேலிக்குள் வந்து, வாழை மரங்களின் காலை நனைத்து, படலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. மூன்றாம் நாள் பொழுது சாயும்போதே வானம் கறுத்து இருண்டது. முதலாவது ஷெல் வட்டைப் பக்கம் விழுந்தது. இரண்டாவது விழுந்தபோது ஓட்டில் தூசி கொட்டியது. மங்கையற்கரசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள்.

"வாங்களன் நீங்களும்!"

"நீங்க இறங்குங்க. மோட்டர் ஓடுதா எண்டு பாத்துக்கொண்டு நான் மேல நிக்கிறன்."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். ஷெல்லுக்குப் பயப்படாதவன் எதற்குப் பயப்படுகிறான் என்று கேட்கிற பார்வை. கேட்காமல் பலகையை இழுத்து மூடிக்கொண்டாள். மோட்டர் முனகத் தொடங்கியது. அந்த முனகல் கேட்கிறவரை ஒன்றும் இல்லை என்று அழகரத்தினம் சுவரோடு சாய்ந்து, அதைக் காதால் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஷெல் ஓய்ந்தது. மழைச் சத்தம் மட்டும். அதற்குள் பக்கத்து வளவில் நாய்கள் குரைக்க ஆரம்பித்தன, பிறகு ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டன. வேலிக்கு அங்காலிருந்து யாரோ அடங்கிய குரலில், "றோட்டால ஆமி வருது, லைற்ற நூருங்க" என்றார்கள்.

யன்னலால் எட்டிப் பார்த்தான். நனைந்த மணலில் மஞ்சளாக இரண்டு வட்டம் தெரிந்தது.

பெட்டிக்கு ஓடினான். பதறவில்லை. இதற்காகத்தானே திட்டம் போட்டது. லைற்றுக்கு ஒன்று, மோட்டருக்கு ஒன்று. லைற் பிறேக்கரில் விரலை வைத்து, ஒருமுறைக்கு இரண்டுமுறை சரிபார்த்து, கீழே இறக்கினான்.

மோட்டர் நின்றது.

லைற் எரிந்தது.

அவன் பிறேக்கரைத் திரும்ப ஏற்றினான். மோட்டர் ஓடவில்லை. மற்றதை ஏற்றி இறக்கினான். ஓடவில்லை. வயர்களை மாற்றிக் கோர்த்துவிட்டேனா? இல்லை. இந்தக் கை மாற்றிக் கோர்க்காது. றோட்டில் சப்பாத்துக் காலடிகள் கேட்டன. மெயின் சுவிச்சையே இழுத்து இறக்கினான். வீடு முழுக்கச் செத்தது. அடுப்படி லைற், வாசல் லைற், சாமி அறையின் சின்னச் சிவப்புப் பல்ப், எல்லாம். யன்னலுக்கு வெளியே மணலில் அந்த இரண்டு வட்டம் மட்டும் அப்படியே கிடந்தது.

சப்பாத்துகள் படலைக்கு நேரே வந்தன. நின்றன. அவன் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு நடந்தன. தூரமாயின.

தப்பியாயிற்று. இனி மோட்டரைப் பார்க்கவேண்டும். மோட்டர். எவ்வளவு நேரம் நின்றது? தரைக்கடியில் தண்ணீர் கல்லை நக்குகிற சத்தம் கேட்டது. மெல்ல. நிதானமாக. நெல் அறை வாசலுக்கு வந்தான். இருட்டு. பலகையைச் சுற்றி நான்கு பக்கமும் வெளிச்சக் கோடு.

கீழே மங்கையற்கரசி கதைத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையோடு கதைக்கிற குரல் இல்லை. அவனோடு கதைக்கிற குரலும் இல்லை. கொஞ்சுகிற, அதட்டுகிற, சோறு தின்னச் சொல்கிற குரல். இடையிடையே நிறுத்தினாள். யாரோ மறுமொழி சொல்ல நேரம் கொடுப்பதுபோல. திரும்பவும் கதைத்தாள்.

அவனுக்கு ஓடவேண்டும் போல இருந்தது. படலை திறந்துதான் கிடந்தது. ஆனால் கீழே பிள்ளை. அவனுடைய பிள்ளை. தண்ணீர். குனிந்தான். வளையத்தில் விரலைக் கொடுத்தான். இழுத்தான்.

வெளிச்சம் முகத்தில் அடித்தது.

தண்ணீர் பாதி அறைக்கு வந்திருந்தது. கறுப்பாக, அலை இல்லாமல். குடம் மிதந்தது. பாய் மிதந்தது. மேல் படியில் மங்கையற்கரசி குந்தியிருந்தாள், மடியில் கண்ணகை. இருவரிலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மேலே அவன் தொங்கவிட்ட ஹோல்டர் வெறுமையாகத் தொங்கியது.

பல்ப் அங்கே இல்லை. பல்ப் தண்ணீருக்கு நடுவில் இருந்தது. அந்த மூலைப் பக்கமிருந்து ஒரு கை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பியிருந்தது. முழங்கை வரை. ஊறவைத்த அரிசியின் வெள்ளை. நகக்கண்ணில் சீமெந்து. விரல்கள் பல்பின் பித்தளைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருந்தன. வயர் இல்லை. ஒன்றும் இல்லை. பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

மங்கையற்கரசி கத்தவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல்விரலாக. வளர்த்தவளுக்கு விரல் தெரியாதா. பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்தித் தன் புருஷனைப் பார்த்தாள்.

"ஆமி கொண்டு போனதெண்டு சொன்னீங்க."

அழகரத்தினம் வாயைத் திறந்தான். இருமல்கூட வரவில்லை.

"அப்பா," கண்ணகை சொன்னாள், பள்ளிக்கூடத்தில் கேட்டுவந்த செய்தியைச் சொல்கிற குரலில். "மாமாக்குக் கை நோகுதாம். இனி நீங்க வந்து பிடிக்கட்டாம்."

தண்ணீருக்கு மேலே அந்தக் கை மெல்லத் திரும்பி, பல்பை அவன் பக்கமாக நீட்டியது. மங்கையற்கரசி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவன் இறங்கிப்போக வழிவிட்டுப் படியில் ஓரமாக ஒதுங்கினாள்.